நல்ல தண்ணியில ஓடற படகுக்கு என்னத்துக்குப் பராமரிப்பு?

புதுப்படகு | மார்ச் 3, இரவு 9.12

கொச்சிப் பக்கமிருந்து பழைய லேசர் பாய்ப்படகு ஒண்ணு பல்லடம் வந்து சேர்ந்திருக்குது. பைபர், நாலேகால் மீட்டர், ஒத்தை ஆள் ஓட்டறது. அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். என் கணக்கு இதுதான்: இத்தனை நாள் உப்புத்தண்ணி, இனிமேல் டேம் தண்ணி. உப்பு இல்லைன்னா அரிப்பு இல்லை, அரிப்பு இல்லைன்னா பராமரிப்பும் இல்லை. விரிசலை எம்சீல் புட்டி வெச்சு அடைச்சுட்டு இறக்கிடலாம்னு இருக்கறேன். தப்பிருந்தா சொல்லுங்க.

சுக்கான் | மார்ச் 3, இரவு 10.40

ரெண்டுமே தப்புங்க.

பைபருக்கு உப்புத்தண்ணியைவிட நல்ல தண்ணிதான் மோசம். மேல பூச்சா இருக்கற ஜெல்கோட்டு வழியா தண்ணி மெதுவா உள்ளே போயிட்டேதான் இருக்கும். உள்ளே சரியா இறுகாத ரெசினோட (பைபர் நாரைப் பிடிச்சு வெக்கற பசை) கழிவு அதுல கரைஞ்சு கெட்டியான ஒரு திரவமாயிரும். அப்புறம் வெளியே இருக்கற தண்ணி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வேகமா உள்ளே இழுக்கும். உலர்ந்த திராட்சையை வெறுந்தண்ணியில ஒரு கை, உப்புத்தண்ணியில ஒரு கை ஊறப்போட்டுப் பாருங்க, எது எச்சா உப்புதுன்னு தெரியும். படகோட அடியில கொப்புளம் வர்றது இப்படித்தான். குத்தினா புளிச்ச வாடையோட தண்ணி வரும்.

எம்சீல் ஓட்டையை அடைக்கும். விரிஞ்ச இடத்துக்குப் பலம் தராது. ஹல் (படகோட உடல்) வளையும்போது புட்டி வளையாம ஓரத்துல விட்டுப்போயிரும். தண்ணிக்கு நடுவுல விட்டா யாரைக் கேக்கறது?

சுக்கான் | மார்ச் 4, காலை 6.20

நேத்து எழுதினதுல ஒண்ணைத் திருத்தோணும். கொப்புளம் வர்றது மாசக்கணக்கா தண்ணியிலேயே கட்டிக்கிடக்கற படகுக்கு. ஓட்டி முடிச்சு கரைக்கு இழுத்துக் காயவெக்கற சின்னப் படகுக்கு அது அபூர்வம். அதனால உங்களுக்கு முதல் எதிரி கொப்புளம் இல்லை. வெயில் ஒண்ணு, ஹல்லுக்குள்ளயே தேங்கற தண்ணி ரெண்டு, வண்டல் மூணு, தப்பான கயிறு நாலு. வைகாசி முடிஞ்சா அஞ்சாவதா காத்து.

விரிசலைத் தொடறதுக்கு முன்னாடி எடை போடுங்க. லேசர் ஹல் வெறுசா சுமார் 59 கிலோ. மஞ்ச மண்டி, வெல்ல மண்டி எங்க போனாலும் மேடைத்தராசு இருக்கும். 65 காட்டுச்சுன்னா ஆறு லிட்டர் உள்ளே குடியிருக்குதுன்னு அர்த்தம்.

ரிவெட் | மார்ச் 4, காலை 8.05

மஞ்ச மண்டி தராசுல படகு! ஏலம் கேட்டுருவாங்க, பாத்துக்குங்க.

புதுப்படகு | மார்ச் 6, இரவு 8.30

64 கிலோ. தண்ணி வடிக்கற அடிச் செருகியைக் கழட்டி மூக்கைத் தூக்கி வெச்சதுல முக்கால் லிட்டர்தான் வந்துச்சு. மிச்சம் எங்கே?

சுக்கான் | மார்ச் 6, இரவு 9.50

உள்ளே மிதக்கறதுக்கு வெச்சிருக்கற போம் குடிச்சிருக்கும். வடியாது, காயத்தான் வெக்கோணும். டெக்குல (மேல்தளம்) அஞ்சு அங்குல வட்டமா ஒரு ஓட்டை போட்டு இன்ஸ்பெக்‌ஷன் மூடி வெச்சுக்குங்க. எப்படியும் விரிசலோட உள்பக்கம் கை போறதுக்கு அது வேணும். மூடியைத் திறந்துபோட்டு, சின்ன டேபிள் பேனை ஓட்டைக்கு நேரா வெச்சு, செருகித் தொளையையும் திறந்து விடுங்க. ராத்திரி பகலா ரெண்டு வாரம். மார்ச், ஏப்ரல்ல நம்ம பக்கம் காத்து வறண்டுதான் இருக்கும், இதுக்கு இதைவிட நல்ல மாசம் இல்லை. வாரம் ஒருக்கா எடை போட்டு எழுதி வையுங்க. ரெண்டு வாரம் ஒரே எடை நின்னா காஞ்சதுன்னு வெச்சுக்கலாம்.

விரிசல் பக்கம் தனியா சோதிக்கணும்னா, ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயில்ல விடுங்க. சாயங்காலம் ஷீட்டோட உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயலை.

வெயில் படட்டும்னு மத்தியானம் முழுக்க கவுத்துப்போட்டு வெச்சுராதீங்க. ஹல்லுக்குள்ள அடைபட்ட காத்து சூட்டுல பெருத்து ஒட்டின இடத்தை விட்டுப்போக வெக்கும். மூடியும் செருகியும் திறந்திருக்கோணும், எப்பவும். ஓட்டாதபோது செருகி போட்டு வெக்கறது பெரும்பாலான படகுகளைக் கெடுக்கற பழக்கம்.

புதுப்படகு | மார்ச் 29, மாலை 5.15

59.5. வேலையை ஆரம்பிக்கலாமுங்களா? கோயமுத்தூர்ல ரெசின் கடையில போய் என்னன்னு கேக்கறது?

சுக்கான் | மார்ச் 29, இரவு 10.10

கேக்க வேண்டியது: ஜெனரல் பர்ப்பஸ் இல்லை, ஐசோ பாலியஸ்டர் ரெசின் ஒரு கிலோ (தண்ணித் தொட்டிக்காரங்க வாங்கறதுதான்). 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி நார் மேட் ஒரு மீட்டர். ரெசினை இறுக வெக்கற கேட்டலிஸ்ட் சின்ன பாட்டில். ஜெல்கோட் வெள்ளை அரை கிலோ, மெழுகு கலந்ததான்னு கேட்டு. அசிட்டோன் ஒரு லிட்டர். ரெசின்ல கோபால்ட் (இறுகறதை வேகப்படுத்தறது) முன்னாடியே கலந்திருக்குதான்னு கண்டிப்பா கேளுங்க.

கலக்கலைன்னு சொன்னா கோபால்ட் தனி பாட்டில்ல தருவாங்க. இங்கதான் உயிர் போற விஷயம்: கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேரா கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல விட்டு நல்லாக் கலக்கிடணும், அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டுக்கும் ஒரே மூடி, ஒரே ஊசி, ஒரே குச்சி வெக்காதீங்க. கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாம பாட்டிலைத் திறக்காதீங்க.

இனி விரிசல்:

காசை வெச்சு விரிசலைச் சுத்தித் தட்டிப் பாருங்க. டங்குனு கேட்டா நல்ல இடம். தொப்புன்னு கேக்கற இடம் வரைக்கும் பென்சில்ல கோடு போட்டு, அத்தனையும் அரைச்சு எடுக்கோணும். ஹல் 3 மி.மீ. கனம்னா சரிவு ஒண்ணுக்குப் பன்னெண்டு, அதாவது ஓட்டை ஓரத்துல இருந்து 36 மி.மீ. தூரத்துக்கு மெல்ல மெல்லச் சரிஞ்சு வரணும். தட்டு மாதிரி இருக்கோணும், கிண்ணம் மாதிரி இருக்கக்கூடாது. 80 நெம்பர் உப்புத்தாள். தூசிக்கு நல்ல மாஸ்க், துணி கட்டினா போதாது. அப்புறம் அசிட்டோன், ஒரே பக்கமா ரெண்டு தடவை துடைங்க, ஒவ்வொரு தடவைக்கும் புதுத்துணி.

ஒரு அடுக்கு 450 மேட் காஞ்சா சுமார் 1 மி.மீ. வரும். அப்ப மூணு அடுக்கு. உங்க ஒட்டு முப்பதுக்குப் பன்னெண்டு செ.மீ. இருக்கும்னு வெச்சுக்குங்க. மேட் மூணு துண்டும் சேர்ந்து 50 கிராம் கிட்ட. ரெசின் அதுல ரெண்டேகால் பங்கு, 110 கிராம். பிரஷ்ல, கப்புல போறதுக்கும் சேர்த்து 150 கிராம் கலக்குங்க. கேட்டலிஸ்ட் 2 சதம், 3 மில்லி.

ஜெல்கோட்டுக்கு முன்னாடி உள்பக்கமிருந்து ஒரு அடுக்கு போட்டுட்டா நல்லது, மூடி வழியா கை போகும்ல.

ஆடிக்காத்து | மார்ச் 30, காலை 7.00

2 சதமா? பங்குனி வெயில்ல 3 மில்லி ஊத்தினா கப்புலயே கல்லாயிரும், புகையும் கிளம்பும்.

சுக்கான் | மார்ச் 30, காலை 9.30

ஒத்துக்கறேன். 2 சதம்ங்கறது மார்கழிக்கு. 35 டிகிரிக்கு மேல போனா 1 சதம் போதும், 150 கிராமுக்கு 1.5 மில்லி. அதுக்குக் கீழ குறைக்காதீங்க. பத்து நாள் ஆனாலும் பிசுபிசுன்னே நிக்கும், பலமும் வராது. சூட்டைத் தப்பிக்கணும்னா கேட்டலிஸ்ட்டைக் குறைக்கறதைவிட நேரத்தை மாத்துங்க. காலையில ஆறு மணிக்குக் கலக்குங்க. ஆழக்கப்புல வெக்காம அகலத்தட்டுல ஊத்தினா சூடு தேங்காது, கூடுதலா நாலஞ்சு நிமிஷம் கிடைக்கும். மீந்த ரெசினைக் குப்பைத்தொட்டியில கொட்டாதீங்க, திறந்த வெளியில வெச்சு இறுகி ஆறினதும் போடுங்க.

ரிவெட் | மார்ச் 30, இரவு 9.00

பஸ் பாடியில பைபர் வேலைக்கு நாங்க சின்னத் துண்டு முதல்ல, பெரிய துண்டு மேலன்னுதான் போடுவோம். குழி நிரம்பி வரும். படகுக்கும் அதேதானே?

சுக்கான் | மார்ச் 30, இரவு 10.20

அப்படிப் போடறவங்க நிறைய. எனக்குச் சரின்னு படறது தலைகீழ்: பெரிய துண்டு முதல்ல. பழைய பைபரோட ஒட்டறது முதல் அடுக்குதான், அது சரிவு முழுசும் பரவி ஒட்டியிருக்கோணும். சின்னதை முதல்ல போட்டா ஒவ்வொரு அடுக்கும் ஓரத்துல கொஞ்சமே பிடிக்கும். அப்புறம் மேல மட்டம் பண்ணத் தேய்க்கும்போது வெட்டுப்படறது உங்க பெரிய துண்டு. பெரிசு அடியில இருந்தா தேய்க்கறது சின்னத்துண்டைத்தான், நஷ்டம் கம்மி.

பஸ் பானெல் தண்ணியில மிதக்கறதில்லையே. (மழைக்காலத்துல சில ரூட்டு தவிர.)

இன்னொண்ணு. எபாக்சிங்கற வேற வகை ரெசின்ல போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். போடலாம், ஒட்டு இன்னும் பலமா இருக்கும். ஆனா இந்த மேட் எபாக்சிக்கு ஆகாது. மேட்டுல நாரைப் பிடிச்சு வெச்சிருக்கற பசை பாலியஸ்டர்ல இருக்கற ஸ்டைரீனுக்குத்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த கிளாஸ் துணி வாங்குங்க. எபாக்சி மேல ஜெல்கோட் சரியாப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்கோணும். புதுசாப் பண்றவங்க பாலியஸ்டர்லயே நில்லுங்க.

புதுப்படகு | ஏப்ரல் 9, இரவு 7.45

மூணு அடுக்கும் போட்டாச்சு. ஜெல்கோட் ரெண்டு நாளாகியும் விரல்ல ஒட்டுது. ரெசின் கெட்டதா?

சுக்கான் | ஏப்ரல் 9, இரவு 8.10

மெழுகில்லாத ஜெல்கோட். காத்துப் பட்டா மேல்தோல் இறுகாது, அதோட குணமே அப்படி. அச்சுக்குள்ள அடிக்கறதுக்கு அதுதான் வேணும், ரிப்பேருக்கு மெழுகு கலந்தது. இப்ப அசிட்டோன்ல பிசுக்கைத் துடைச்சு, 120ல தேய்ச்சு, மெல்லிசா இன்னொரு கோட் அடிச்சு, அதுமேல வழவழ பாலியஸ்டர் ஷீட்டைக் குமிழ் இல்லாம ஒட்டிவிடுங்க. காத்துப் படலைன்னா இறுகிரும். மறுநாள் உரிச்சு, தண்ணி விட்டு 220, 400, 800, 1200. அப்புறம் பாலிஷ் காம்பவுண்ட். கார் மெழுகு வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஜெல்கோட் சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுதுன்னா வெயில் தின்னுட்டிருக்குதுன்னு அர்த்தம்.

பரிசக்காரர் | ஏப்ரல் 10, காலை 6.45

இத்தனை பாடா? எங்க மூங்கில் பரிசலுக்கு வருஷம் ஒரு தார். ஓட்டை விழுந்தா சாக்கு ஒட்டு, அதுமேல தார். முன்னயெல்லாம் தோல், அப்புறம் பிளாஸ்டிக் தாள். இப்ப எங்க பக்கமும் பைபர் பரிசல்தான் எச்சா வருது. ஒரு சந்தேகம்: பரிசல்ல பாய் கட்டினா ஓடுமா?

சுக்கான் | ஏப்ரல் 10, காலை 9.15

ஓடும், காத்து போற பக்கம் மட்டும். அதுவும் சுத்திக்கிட்டே. பாய்ப்படகு காத்துக்கு எதிர்சாய்வா ஏறறது பாய்னால மட்டுமில்லைங்க, கீழ நீட்டிட்டிருக்கற பலகைனால. பக்கவாட்டுல நழுவாம அது பிடிச்சு நிறுத்தும். பரிசல் வட்டம், அடி தட்டை, எந்தப் பக்கமும் பிடிமானம் கிடையாது. அதனாலதான் பாறை ஆத்துல அது ராஜா: இடிச்சா திரும்பிக்கும், அரையடித் தண்ணியில போகும். ரெண்டு பக்கமும் பலகை தொங்கவிட்டு, பின்னால சுக்கான் கட்டினா பாய் வெக்கலாம். ஆனா அதுக்கப்புறம் அது பரிசல் இல்லை.

தாரைப் பத்தி ஒரு வார்த்தை: பைபர் பரிசலுக்குத் தார் பூசாதீங்க. பின்னால ஒட்டுப் போடறப்ப ரெசின் பிடிக்காது, அசிட்டோனுக்கும் லேசுல போகாது.

ரிவெட் | ஏப்ரல் 18, இரவு 9.30

மாஸ்ட் (பாய்மரம்) ரிவெட் பத்திக் கேட்டிருந்தாங்க தனிச்செய்தியில. பொதுவுலயே சொல்லிடறேன். கரூர்ல பஸ் பாடிக்கு அடிக்கற அலுமினிய பாப் ரிவெட் பிளாஸ்டிக் வளையத்துக்கு, கயித்தைப் பூட்டற கிளீட்டுக்கு சரி. பூமை (பாயோட அடிக்கழி) மாஸ்ட்டுல மாட்டற கூஸ்நெக்குக்கு ஆகாது, வெட்டிக்கும். அங்க ஸ்டெயின்லெஸ். ஆனா ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஈரத்துல தொட்டுக்கிட்டா அலுமினியம் வெள்ளைப்பொடியா உதிரும். ரிவெட்டை ஜிங்க் குரோமேட் பிரைமர்ல தோய்ச்சு ஈரமா இருக்கும்போதே அடிங்க. நல்ல தண்ணியில இது மெதுவா நடக்கும், நடக்காம இருக்காது.

ஆடிக்காத்து | ஏப்ரல் 18, இரவு 10.00

எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணி இல்லையே. நொய்யல்ல ஒரத்துப்பாளையம் டேம் 1992ல பாசனத்துக்குன்னு கட்டினது, சாயக்கழிவு உப்பு தேங்கி பாசனத்துக்கே ஆகாம நின்னுது. அங்க இறக்கினா கடல் படகுக்கு ஊர் ஞாபகம் வந்திரும்.

சுக்கான் | ஏப்ரல் 19, காலை 6.30

அலுமினியத்தைவிட பித்தளையைப் பாருங்க. படகைப் பண்ணைக் கோழிச்சாளையில வெக்கறது நம்ம பக்கம் சகஜம், நாமக்கல்லா இருந்தாலும் பல்லடமா இருந்தாலும் காலிச்சாளைக்குப் பஞ்சமில்லை. பக்கத்துச் சாளையில கோழி இருந்தா அமோனியா வரும். இறுக்கத்துல இருக்கற பித்தளை அமோனியாவுக்கு விரியும், துரு எதுவும் தெரியாது, திடீர்னு ரெண்டாப் போகும். பித்தளை ஷேக்கிள் (இணைக்கற வளையம்), திருகு எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாத்துங்க, இல்லைன்னா கழட்டி வீட்டுல வையுங்க.

பாயும் அங்க வேண்டாம். எலி. கரையான் மண்ணுல இருந்து மரப்பலகைக்கு ஏறும், டாகர்போர்டையும் (கீழ நீட்டற பலகை) சுக்கானையும் தரையில சாத்தாதீங்க. தென்னைக்கு அடியில படகு வெக்கறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லை.

புதுப்படகு | ஏப்ரல் 26, மாலை 6.00

கயிறு வாங்கப் போனேன். கிணத்துக் கயிறு விக்கற கடையில மஞ்சக் கலர் "நைலான் கயிறு" கிலோ கணக்குல தர்றாங்க. பாய் ஏத்தறதுக்கும், பாயை இழுத்து விடற மெயின்ஷீட்டுக்கும் அதே போதுமா?

சுக்கான் | ஏப்ரல் 26, இரவு 9.00

அது நைலானே இல்லை. கடையில எல்லாக் கயித்துக்கும் பேரு நைலான்தான். ஒரு முழம் வெட்டி வாளித் தண்ணியில போடுங்க. மிதந்தா பாலிபுரோப்பிலீன் இல்லைன்னா பாலிஎத்திலீன். வெயில்ல ஒரு வருஷத்துல நார் நாரா உதிர்ந்து கையில குத்தும், முடிச்சும் நழுவும். இழுவைக்கயிறா மட்டும் வெச்சுக்கலாம், மிதக்கறதால நல்லதுதான். முங்கினா நைலானோ பாலியஸ்டரோ. ஆள் தொங்கி இழுத்துப் பாத்து ரப்பர் மாதிரி கொடுத்தா நைலான், அது நங்கூரத்துக்கு. கொடுக்காம நின்னா பாலியஸ்டர், பாய்க்கு அதுதான். இழுத்துக்கட்டற கயிறெல்லாம் 5 மி.மீ., மெயின்ஷீட் கையில பிடிக்கறதால 8 மி.மீ.

பாய் ஏத்தற கயிறுன்னு கேட்டீங்க: லேசருக்கு அது கிடையாது. பாயை ஜிப்பா மாதிரி மாஸ்ட்டுக்கு மாட்டறது.

சுக்கான் | ஏப்ரல் 27, காலை 7.10

பாயை விட்டுட்டேன். திருப்பூரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பாய்க்கு ஊர் ஊரா அலையாதீங்க, ஜிக்ஜாக் மெஷின் அங்க இல்லாத தெரு இல்லை. ஆனா பனியன் தைக்கற ஸ்பன் நூல் வேண்டாம், பேக் தைக்கற கெட்டி பாலியஸ்டர் நூல், 16 அல்லது 18 நெம்பர் ஊசி. பருத்தி நூல் போட்டா ஈரத்துல மக்கும். பாய்த்துணி கிழியறதுக்கு முன்னாடி நூல்தான் வெயில்ல செத்துப்போகும். தையலை நகத்துல கீறிப் பாருங்க, பொடியா வந்தா முழுசும் ஒரு தடவை ஓட்டிடுங்க. பாய் காயட்டும்னு மாஸ்ட்டுல மாட்டி மணிக்கணக்காப் படபடக்க விடறது ஓட்டறதைவிட எச்சாக் கெடுக்கும்.

ஆடிக்காத்து | மே 20, இரவு 8.50

இறக்கப்போறவங்களுக்கு. பாலக்காட்டுக் கணவாயில மேல்காத்து ஜூன்ல கிளம்பி செப்டம்பர் வரைக்கும் நிக்காது. பல்லடம், உடுமலை, தாராபுரத்துல காத்தாலை நட்டது சும்மா இல்லை. ஆழியாறு, திருமூர்த்தி மாதிரி மலையடி டேம்ல இன்னும் ஒரு வில்லங்கம்: காத்து ஒரே பக்கமிருந்து வராது. மலைச்சரிவுல இறங்கி திடீர்னு அடிக்கும், அடுத்த நிமிஷம் செத்துப்போகும். தண்ணி மேல கருப்பா ஒரு திட்டு ஓடி வர்றதைப் பாத்தா மெயின்ஷீட்டைக் கையிலயே வெச்சுக்கோணும், கிளீட்டுல பூட்டக்கூடாது.

புதுசா ஓட்டறவங்களுக்கு அளவு: தண்ணியில அங்கங்க வெள்ளை நுரை தலைகாட்டினா 11 நாட் தாண்டியாச்சு, மணிக்கு 20 கிலோமீட்டர். எங்க பாத்தாலும் நுரைன்னா 17க்கு மேல, கரையில உக்காந்து டீ குடிங்க. ஆடியில காலை 6ல இருந்து 9 வரைக்கும்தான் உங்களுக்கு.

புதுப்படகு | மே 20, இரவு 9.20

பாயே 7 சதுர மீட்டர். குறைக்க வழி இருக்குங்களா?

ஆடிக்காத்து | மே 20, இரவு 9.45

லேசருக்கு ஹல் ஒண்ணு, பாய் மூணு. பெருசு 7.06, நடு 5.76. கீழ் மாஸ்ட்டும் பாயும் மட்டும் மாறும். நம்ம பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ல ஓட்டினது நடு அளவுதான். உடம்பு 70 கிலோவுக்குக் கீழன்னா அதையே வாங்குங்க. அது வர்ற வரைக்கும் வாங், கன்னிங்ஹாம், அவுட்ஹால்னு பாயை இறுக்கற கயிறு மூணையும் கல்லா இறுக்கி பாயைத் தட்டையாக்குங்க. காத்தோட இழுவை குறையும்.

சுக்கான் | மே 21, காலை 6.00

எங்க இறக்கறதுங்கறதும் முக்கியம். எந்த டேமா இருந்தாலும் நீர்வளத்துறையைக் கேக்காம இறக்காதீங்க, காட்டுப்பக்கம்னா வனத்துறையும் சேரும். அமராவதியில முதலை இருக்குது, கவுந்து எந்திரிக்கற பயிற்சிக்கு அது இடமில்லை. பவானிசாகர்ல மொத்தம் 120 அடியில சகதிக்கு 15 கழிச்சு 105னு கணக்கு சொல்றாங்க. அந்தச் சகதிதான் நமக்கு வில்லன். ஓரத்துல முழுசாக் கவுந்தா மாஸ்ட் நுனி சேத்துல குத்திக்கும். ஹல் மேல ஏறி நெம்பினா மாஸ்ட் வளைஞ்சிரும். மெயின்ஷீட்டை முழுசா விட்டு, குத்தின வழியிலயே மெதுவா பின்னால இழுத்து எடுக்கோணும், அப்புறம்தான் பலகையில ஏறி நிமிர்த்தறது. மாஸ்ட்டோட மேல்பாதி ரெண்டு முனையையும் அடைச்சு வெச்சிருந்தா இவ்வளவு தூரம் முங்கவே முங்காது.

மேட்டூர்ல தண்ணி இறங்கினா பண்ணவாடியில பழைய சர்ச் கோபுரமும் நந்தியும் வெளிய தெரியும். தெரியற வரைக்கும் பயமில்லை, சுத்திப் போயிக்கலாம். தண்ணி ஏறி இப்பத்தான் முங்கியிருக்கற நாள்தான் ஆபத்து. உங்க டாகர்போர்டு முக்கால் மீட்டருக்கு மேல கீழ நீட்டிட்டிருக்கும். தினம் பேப்பர்ல நீர்மட்டம் வருது, பாத்துட்டுப் போங்க. பவானிசாகர்ல டணாயக்கன் கோட்டைப் பக்கமும் இதே கதை.

தண்ணி பாட்டில் வரிசையா மிதந்தா அது குப்பை இல்லை, வலை. பலகையையும் சுக்கானையும் தூக்கிட்டுத் தாண்டுங்க. மாட்டிக்கிட்டா வெட்டாதீங்க, அது ஒருத்தரோட பொழப்பு.

அப்புறம் கரையில மாஸ்ட்டை நிமிர்த்தறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மேல பாருங்க. ஆறு மீட்டர் அலுமினியக் குழாய், மேல ஈ.பி. கம்பி. இதுக்கு ரெண்டாவது வாய்ப்புக் கிடையாது.

ரிவெட் | மே 22, இரவு 9.10

டிரெய்லர்ல கொண்டுபோறவங்க: அறுபது கிலோமீட்டர் ஓடி ஹப் சூடா இருக்கும்போது நேரா தண்ணிக்குள்ள இறக்கினா உள்ளே காத்து சுருங்கித் தண்ணியை இழுத்துக்கும், கிரீஸ் பாலாயிரும், பேரிங் போச்சு. அரைமணி ஆறவிட்டு இறக்குங்க. படகைக் கட்டறதுக்கு சங்ககிரி லாரிக்காரர் முடிச்சே போதும், ஆனா கயித்துக்கும் ஹல்லுக்கும் நடுவுல சாக்கு வையுங்க. இறுக்கற வெறியில டெக் விரிஞ்ச படகு உண்டு.

புதுப்படகு | ஜூன் 14, மாலை 6.40

எல்லாம் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை இறக்கறோம். கடைசியா ஏதாச்சும் விட்டுப்போச்சா?

சுக்கான் | ஜூன் 14, இரவு 8.00

மாஸ்ட் நிக்கற குழி. அதுல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி பென்சில்ல கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்க. சோப்புத்தண்ணி சோதனையும் பண்ணுங்க: ஒட்டு ஓரம், செருகி, சுக்கான் மாட்டற இடம் எல்லாத்துலயும் சோப்பு பூசி, செருகித் தொளையில குழாய் வெச்சு வாயால ஊதுங்க. கம்ப்ரஸர் கிட்டயே போகாதீங்க, டெக் தனியா ஹல் தனியாக் கழண்டுரும்.

புதுப்படகு | ஜூன் 15, காலை 10.20

சோப்புல குமிழ் ஒண்ணும் இல்லை. குழியில தண்ணி அரை விரக்கடை இறங்கியிருக்குது. வெயிலுக்கு ஆவியாயிருக்குமோ?

சுக்கான் | ஜூன் 15, காலை 10.45

ஒரு மணி நேரத்துல அரை விரக்கடை ஆவியானா மேட்டூர் டேம் எப்பவோ காலிங்க. குழி ஒழுகுது. உங்க அஞ்சு கிலோ தண்ணி போன வழியும் அநேகமா இதுதான், விரிசல் மட்டுமில்லை.

மாஸ்ட் அடி மணலோட சேர்ந்து திரும்பித் திரும்பி குழியோட தரையை அரைச்சிருக்கும். காயவையுங்க. உள்ளே 80 தாளைக் குச்சியில சுத்தித் தேய்ச்சு, அசிட்டோன் விட்டு, நெய்த துணியில வட்டம் ரெண்டு வெட்டி எபாக்சியில தரைக்குப் போடுங்க. ஓரத்துச் சுவருக்கு ரெண்டு அங்குலம் ஏறட்டும். மூடி வழியா கை எட்டினா குழாயும் ஹல்லும் சேர்ற இடத்துல வெளிப்பக்கமும் ஒரு சுத்து. இறுகினதும் மாஸ்ட் அடியில உக்கார்ற மாதிரி வழவழ பிளாஸ்டிக் வட்டத்தகடு ஒண்ணு போட்டு வையுங்க, தேயறது தகடா இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் மாஸ்ட் நடறதுக்கு முன்னாடி குழியில மணலைத் துடைங்க. எபாக்சி முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க. அப்புறம் மறுபடி தண்ணி ஊத்தி, மறுபடி கோடு.

பரிசக்காரர் | ஜூன் 15, காலை 11.30

ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருப்பீங்க. பரிசல்ல ஒரு இடம் காலி இருக்குது, வாங்க.